உருக்கு வாள்

உருக்கு வாள் என்பது, களிமண்ணாலான மூசையில் இரும்பையும் மரத்துண்டுகளையும் இட்டு மூடி, உலையில் உருக்கி எடுத்த எஃகுக் கட்டியை அடித்து நீட்டிச் செய்த வாள் ஆகும். தமிழகம், கன்னடம், தெலுங்கு நாடு, இலங்கை ஆகிய பகுதிகளில் இத்தகைய எஃகு பல நூற்றாண்டுகள் செய்யப்பட்டது. மேலை நாட்டார் இதனை 'ஊட்ஸ்' என்று அழைத்தனர். பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் புகழ்பெற்ற 'டமாஸ்கஸ்' வாள்கள் பலவற்றுக்கு மூலப்பொருள் இங்கிருந்து கப்பலேறிய எஃகுக் கட்டிகளே.

ஒரு வாளைச் செய்து முடிக்கப் பல கைகள் தேவைப்பட்டன. கனிமணலை அரித்தவர், கரி சுட்டவர், இரும்பை எடுத்தவர், மூசை வனைந்து உருக்கியவர், கட்டியை வாளாக அடித்தவர், பிடியும் உறையும் அமைத்தவர் என அது ஒரு சங்கிலி. அவர்களின் அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை; கண்ணிலும் கையிலும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்தச் சங்கிலி அறுந்தபோது, வாள்கள் மிஞ்சின. அவற்றைச் செய்யும் அறிவு மிஞ்சவில்லை. இக்கட்டுரை அந்த வாள் எப்படிச் செய்யப்பட்டது, ஏன் மறைந்தது, எஞ்சியவற்றை எங்கே காணலாம், எப்படிக் காக்கலாம் என்பவற்றை விளக்குகிறது.

பெயர்

உருகுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் 'உருக்கு'. உருக்கி எடுத்ததால் எஃகுக்கு அப்பெயர் அமைந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு 'உக்கு' என்று பெயர். இச்சொல்லின் திரிபே ஆங்கிலத்தில் 'ஊட்ஸ்' ஆனது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 1795ஆம் ஆண்டு ஜார்ஜ் பியர்சன் என்ற ஆங்கில அறிவியலாளர் இலண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் இப்பெயரைப் பயன்படுத்தினார். பம்பாயிலிருந்து எலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அனுப்பிய எஃகுக் கட்டிகளையே அவர் ஆராய்ந்தார்.

'எஃகு' என்ற சொல் இதைவிடப் பழையது. சங்க நூல்களில் அது உலோகத்தை மட்டுமன்றி வேல் முதலிய கூரிய படைக்கலத்தையும் குறித்தது. பொருளுக்கும் கருவிக்கும் ஒரே சொல் வழங்கியதிலிருந்து, எஃகு என்றதும் மக்கள் மனத்தில் முதலில் தோன்றியது படைக்கலமே என்று கொள்ளலாம்.

பழைய சான்றுகள்

தமிழ்நாட்டின் பெருங்கற்கால ஈமக்குழிகளில் இரும்பு வாள்கள் பரவலாகக் கிடைத்துள்ளன. தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் வாள், வேல் முதலியன கிடைத்தன. அவற்றில் பல இன்று சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. சேலம் மாவட்டம் மேட்டூருக்கு அருகிலுள்ள தெலுங்கனூரில் ஓர் ஈமச்சின்னத்தில் கிடைத்த வாள், மிகுந்த கார்பன் கொண்ட எஃகால் ஆனது என்று ஆய்வில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளையில் இரும்புப் பயன்பாட்டின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுசென்றது. இக்காலக் கணிப்பு குறித்து அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது.

வாள் கிடைப்பது ஒன்று. வாள் செய்த இடம் கிடைப்பது வேறு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், 1980களின் நடுப்பகுதி முதல் பலமுறை நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைத் துண்டுகளும் கசடுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் 'கொடுமணம்' இவ்வூரே என்று கருதப்படுகிறது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்த இடத்தை 1990களில் சாரதா சீனிவாசன் கண்டறிந்தார். அங்கே உடைந்த மூசைகள் குவியலாகக் கிடந்தன. உருக்கு முடிந்ததும் மூசையை உடைத்துத்தான் கட்டியை எடுக்க முடியும். ஆகவே உடைந்த மூசைக் குவியல் என்பது, அங்கே செய்யப்பட்ட எஃகுக்குக் கணக்கேடு போன்றது.

இலக்கியச் சான்றுகளும் உண்டு. பகைவரைக் குறித்து வேந்தன் வாளைப் போற்றும் 'வாள்மங்கலம்' என்ற துறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார், தொண்டைமானின் ஆயுதசாலையில் நெய் பூசி மயிற்பீலி அணிந்து அடுக்கிவைக்கப்பட்ட படைக்கலங்களையும், அதியமானின் கொல்லன் பட்டறையில் முறிந்து கிடக்கும் படைக்கலங்களையும் ஒப்பிடுகிறார். துருப்பிடிக்காமல் காக்க நெய் பூசும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்ததை இதனால் அறிகிறோம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வாள் பெற்ற கைக்கோளர்' என்ற படைப்பிரிவின் பெயர் வருகிறது. நடுகற்களில் வாளேந்திய வீரர்களையும், தம் தலையைத் தாமே அரிந்து தரும் நவகண்டச் சிற்பங்களில் கழுத்தில் வாள் வைத்த உருவங்களையும் காண்கிறோம். திருவரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்தில், பாய்ந்தெழும் குதிரைகளின் கீழே நின்று விலங்குகளையும் பகைவரையும் தாக்கும் காலாட்படை வீரர்களின் கைகளைக் கூர்ந்து பார்த்தால், விசயநகர, நாயக்கர் காலத்து வாள், கேடயம், கட்டாரி ஆகியவற்றின் வடிவங்களை அறியலாம்.

இரும்பும் எஃகும்

இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு கார்பனின் அளவில் இருக்கிறது. கார்பன் ஏறத்தாழ இல்லாத இரும்பு மென்மையானது. வளையும், கூர் நிற்காது. கார்பன் சிறிது சேர்ந்தால் கடினமாகிக் கூர் நிற்கும். 2 சதவீதத்துக்கு மேல் போனால் வார்ப்பிரும்பு ஆகிவிடும், அடித்தால் நொறுங்கும். நம் உருக்கில் கார்பன் பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதம் வரை, பொதுவாக 1.5 சதவீத அளவில் இருந்தது. நொறுங்கும் எல்லைக்கு மிக அருகில் சென்று, அதைத் தாண்டாமல் நிற்பது இது. இக்காலத்துக் கட்டுமானக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்பதை நினைத்தால் இதன் தன்மை விளங்கும்.

தூய இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். துருத்தி ஊதும் மண் உலையில் இது எளிதன்று. ஆனால் இரும்போடு கார்பன் சேரச் சேர அதன் உருகுநிலை இறங்கும். சுமார் 1.5 சதவீதம் சேர்ந்தால் 1,400 டிகிரியைச் சிறிது தாண்டியதும் முழுதும் உருகிவிடும். அதாவது, எஃகாக்குவதற்குச் சேர்க்கும் பொருளே அதை உருக்குவதற்கும் துணை செய்கிறது. நம் கொல்லர்கள் இதைப் பட்டறிவால் கண்டிருந்தார்கள்.

உருக்கு செய்த முறை

பிரான்சிஸ் புக்கானன் (1800-01 பயணம்), பெஞ்சமின் ஹெய்ன் (1814), ஜோசையா மார்ஷல் ஹீத் (1839) ஆகியோர் தாம் நேரில் பார்த்த முறைகளை எழுதிவைத்துள்ளனர். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் அடிப்படை ஒன்றே.

முதல் படி, இரும்பு எடுத்தல். சேலத்துக் கஞ்சமலை போன்ற இடங்களில் கிடைக்கும் காந்தக்கல்லை உடைத்துப் பொடியாக்குவர். அல்லது ஓடைகளில் படியும் கருமணலை நீரில் அரித்தெடுப்பர். இதை ஆளுயரத்துக்குக் குறைவான களிமண் உலையில் மரக்கரியோடு மாற்றி மாற்றி இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதுவர். சில மணி நேரத்தில் அடியில் கடற்பஞ்சு போன்ற இரும்புப் பாளம் திரளும். அதை எடுத்து அடித்துக் கசடு நீக்குவர். இந்த இரும்பில் கார்பன் குறைவு.

இரண்டாம் படி, மூசை வனைதல். களிமண்ணோடு நெல் உமி கலந்து மூசை செய்வர். வெப்பம் ஏறும்போது உமி கருகிக் கார்பனாகி நிற்கும். உமியில் உள்ள சிலிக்கா மண்ணுக்கு வலுவூட்டும். ஊரில் வீணாகும் உமி, எஃகு உருகும் வெப்பத்தைத் தாங்கும் கலத்துக்கு உறுதுணையானது.

மூன்றாம் படி, உருக்குதல். மூசையில் ஏறத்தாழ அரைக் கிலோ இரும்புத் துண்டுகளை இட்டு, காய்ந்த ஆவாரைச் சுள்ளிகளை நறுக்கிச் சேர்த்து, மேலே எருக்கிலை போன்ற பச்சை இலைகளை மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். மண் காய்ந்ததும் இருபது, இருபத்துநான்கு மூசைகளை உலைக்குள் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் அளவுக்கு இடைவிடாது துருத்தி ஊதுவர். உள்ளே சுள்ளியும் இலையும் கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறி, இரும்பு உருகிக் குழம்பாகும். மூசை அடைபட்டிருப்பதால் வெளிக்காற்று புகாது. கசடு மேலே மிதந்து பிரிந்துவிடும்.

பிறகு மூசையை ஆறவிட்டு உடைத்தால் கூம்பு வடிவில் ஒரு கட்டி கிடைக்கும். அதன் மேற்புறத்தில் நடுவிலிருந்து விரிந்து செல்லும் கோடுகள் தெரிந்தால் உருக்கு நன்றாக அமைந்தது என்று பொருள். மேற்புறம் மேடுபள்ளமாக இருந்தால் இரும்பு முழுதும் உருகவில்லை. அந்தக் கட்டி வாளுக்கு ஆகாது. இன்று துவாக்குடி, அரியமங்கலம் தொழிற்பேட்டைகளுக்கு வரும் எஃகுத் தகட்டோடு, அதில் கார்பன் எவ்வளவு என்று அச்சிட்ட சோதனைச் சான்றிதழும் வருகிறது. அன்று சான்றிதழ் அந்த மேற்புறக் கோடுகள்தாம். அவற்றைப் படிக்கத் தெரிந்தவரே தேர்ந்த உருக்காளர்.

கட்டியை மெல்ல ஆறவிடுவதற்குக் காரணம் உண்டு. சர்க்கரைப் பாகை விரைவாக ஆற்றினால் பொடிச் சர்க்கரையாகும். நாள்பட ஆறவிட்டால் பெரிய கற்கண்டுகள் விளையும். எஃகும் அப்படியே. மெல்ல ஆறும்போது உள்ளே படிகங்கள் பெரிதாக வளர்கின்றன. வாளில் பின்னால் தோன்றப்போகும் நீரோட்டம் போன்ற வரிகளுக்கு இதுவே தொடக்கம்.

வாள் அடித்தல்

இந்தக் கட்டியை வாளாக அடிப்பது, எடுப்பதைவிட நுட்பமான வேலை. கார்பன் மிகுந்த எஃகை வெண்மையாகக் காயும்வரை சூடேற்றிச் சம்மட்டியால் அடித்தால் பொரிபோல் உதிர்ந்துவிடும். ஐரோப்பியக் கொல்லர்கள் பலர் இக்கட்டிகளை வரவழைத்துத் தம் வழக்கப்படி வெள்ளைச் சூட்டில் அடித்துப் பார்த்துத் தோற்றார்கள். நம் கொல்லர்கள் செந்நிறச் சூட்டிலேயே வைத்து, நிறம் மங்கியதும் அடிப்பதை நிறுத்தி, மறுபடி உலையில் வைத்து, சிறிது சிறிதாக நீட்டினார்கள். வெப்பமானி இல்லை, நிறமே அளவு. நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால்தான் கொல்லன் பட்டறை எப்போதும் நிழலாக இருக்கும்.

அடிப்பதற்கு முன், கட்டியைக் கரி நெருப்பில் பல மணி நேரம் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவதும் உண்டு. இதனால் மிகையான கார்பன் குறைந்து கட்டி சற்று இளகும். பலமுறை காய்ச்சி அடிக்கும்போது, உள்ளிருக்கும் இரும்புக் கார்பைடு துகள்கள் அடுக்கடுக்காக வரிசை கொள்கின்றன.

வடிவம் வந்தபின் அரத்தால் அராவி, சாணை பிடித்து, வழவழப்பாக்குவர். இறுதியில் அன்னபேதி (இரும்பு சல்பேட்டு) கரைசல் போன்ற ஒன்றைத் தடவுவர். கார்பைடு இருக்கும் இடம் வெளுத்தும், மற்ற இடம் கருத்தும் தெரியும். அப்போதுதான் வாளின் உடலில் ஓடும் நீர் போன்ற வரிகள் கண்ணுக்குப் புலப்படும். இவ்வரிகள் மேலே வரைந்த அலங்காரம் அல்ல. உள்ளிருக்கும் எஃகின் அமைப்பே வெளியே தெரிகிறது. தேய்த்தாலும் போகாது, மறுபடி அன்னபேதி தடவினால் திரும்பத் தோன்றும்.

இவ்வரிகள் ஏன் சில கட்டிகளில் மட்டும் தோன்றுகின்றன என்பது நீண்டகாலப் புதிர். 1998இல் அமெரிக்க ஆய்வாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும், கனிமத்தில் மிகச் சிறு அளவில் உள்ள வெனேடியம் போன்ற தனிமங்கள் கார்பைடை வரிசையாகத் திரளச் செய்கின்றன என்று காட்டினர். 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றில் கார்பன் நுண்குழாய்கள் இருப்பதாக 'நேச்சர்' இதழில் எழுதினர். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது: எந்த மலையின் கல் என்பது முக்கியம். கல் மாறினால் கை மாறாவிட்டாலும் வரிகள் வாரா.

பிடியும் வகைகளும்

வாளின் அலகு ஒருவர் வேலை. பிடி வேறொருவர் வேலை. அலகின் வால்பகுதியைப் பிடிக்குள் செருகி, உருக்கிய அரக்குக் கலவையை ஊற்றி இறுக்குவது இந்தியாவெங்கும் இருந்த வழக்கம். தென்னிந்திய வாள்களில், பிடியிலிருந்து அலகின் முதுகு நெடுக வலுத்தகடு ஒன்று ஓடுவதைக் காணலாம். கையைக் காக்கும் பகுதியில் யாளி, கிளி, கொடிக்கருக்கு முதலிய வேலைப்பாடுகள் இருக்கும். கோயில் தூணில் உள்ள யாளியும் வாளின் பிடியில் உள்ள யாளியும் ஒரே மரபின.

முக்கிய வகைகள் வருமாறு:

வாள்: ஒருபுறமோ இருபுறமோ கூர் கொண்ட நீண்ட அலகு.

கட்டாரி: குத்துவதற்கானது. இரு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குப்பிடி அமைந்திருக்கும். கையை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அலகு முட்டிக்கு நேரே நீளும். தஞ்சைக் கட்டாரிகளில் கை மேல் கவிந்த சிப்பி போன்ற காப்பு உண்டு.

பட்டா: முழங்கை வரை மூடும் இரும்புக் கையுறையோடு சேர்ந்த நீண்ட வாள், மராத்தியர் மிகுதியாகப் பயன்படுத்தியது.

பரங்கி வாள்: ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுக்கு இங்கே பிடி அமைத்தது. தஞ்சையில் இவை பல இருந்தன.

சுருள்வாள்: இடுப்பில் சுற்றிக்கொள்ளக்கூடிய மெல்லிய, நெளியும் வாள். சிலம்பப் பயிற்சியில் இன்றும் உள்ளது.

மோரோ வாள்களோடு ஒப்பீடு

வாளைச் செய்ய இது ஒன்றே வழியன்று. பிலிப்பைன்சின் மிண்டனாவ், சூலூ தீவுகளில் வாழும் இஸ்லாமியச் சமூகத்தினரை ஸ்பானியர் 'மோரோ' என்று அழைத்தனர். அவர்களின் வாள்களில் மூன்று புகழ்பெற்றவை. நெளிந்தோ நேராகவோ இருபுறக் கூர் கொண்டது கிரிஸ். நுனி நோக்கி அகலும் நீண்ட ஒருபுறக் கூர் வாள் கம்பிலான். அதன் பிடி, வாய் திறந்த விலங்கு போல் பிளந்திருக்கும். இலை வடிவில் தடித்த அலகு கொண்டது பாரோங். அதன் பிடி காக்கட்டுவாக் கிளியின் தலை போல் செதுக்கப்பட்டிருக்கும்.

மோரோ கொல்லர்கள் மென்மையான இரும்பையும் கடினமான எஃகையும் அடுக்கி, சூடேற்றி அடித்து ஒன்றாக்கினார்கள். கூருக்கு எஃகு, தாங்குவதற்கு இரும்பு என்று இரு பண்புகளை அடுக்கில் சேர்த்தார்கள். அவர்கள் வாளில் தெரியும் வரி, அந்த அடுக்குகளின் வரி. நம் உருக்கு வாளில் தெரிவதோ படிகத்தின் வரி. அங்கே கலவையைச் சம்மட்டி முடிவுசெய்தது. இங்கே மூசை முடிவுசெய்தது. இதனால் ஒரு விளைவும் உண்டு. அடுக்கி அடிக்கும் கொல்லருக்குக் கிடைக்கும் எந்த இரும்பும் போதும். மூசை எஃகை நம்பிய கொல்லருக்கு, உருக்காளர் ஊரில் இல்லாவிட்டால் தொழிலே இல்லை. 20ஆம் நூற்றாண்டிலும் மோரோ வாள்தொழில் லாரிப் பட்டைகளைக் கொண்டு தொடர்ந்ததற்கும், நம் உருக்கு வாள் அற்றுப்போனதற்கும் இது ஒரு காரணம்.

கடல் கடந்த புகழ்

9ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் இந்திய, இலங்கை எஃகு வாள்களைக் குறிப்பிடுகிறார். இலங்கையின் சமனல வெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளை கில் ஜூலெஃப் கண்டறிந்து 1996இல் வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து பாரசீகத்துக்கு ஆயிரக்கணக்கான எஃகுக் கட்டிகளை அனுப்பினர்.

பியர்சனுக்குப் பின் ஐரோப்பா இதை விடாமல் ஆராய்ந்தது. கொல்லரின் மகனான மைக்கேல் பாரடே, கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1819 முதல் சில ஆண்டுகள் இந்திய எஃகை ஆராய்ந்தார். அதே எஃகைச் செய்துபார்க்க அவர்கள் எடுத்த முயற்சியே, பிற உலோகம் கலந்த எஃகுகளைப் பற்றிய தொடக்க ஆய்வுகளுள் ஒன்றாயிற்று. பாரிசில் பிரெயான், உரால் மலைப்பகுதியில் அனோசோவ் ஆகியோரும் உழைத்தனர். பாரடே பின்னாளில் மின்னியலில் அடைந்த புகழுக்கு முன்னால் இப்படி ஒரு பாடம் இருந்தது என்பதைப் பள்ளி நூல்கள் சொல்வதில்லை.

மறைவு

சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன.

முதலில் வாளின் தேவை போயிற்று. 1801 ஜூனில் மருது சகோதரர்களின் அறைகூவல், திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24 அன்று அவர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பால் தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடைசெய்யப்பட்டது. வாளுக்கு ஆணையிட்டு வந்த பாளையக்காரர்களே இல்லாமல் போயினர். 1878 ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி ஆயுதம் வைப்பதை நாடெங்கும் கட்டுப்படுத்தியது.

அடுத்து விலை. 1856இல் பெசமர் முறை வந்தபின் ஐரோப்பிய எஃகு டன் கணக்கில் மலிவாக இறங்கியது. அரைக் கிலோவாக எடுக்கும் மூசை எஃகால் அதனோடு போட்டியிட இயலவில்லை. அடுத்து கரி. இரும்பைவிடப் பல மடங்கு எடையுள்ள மரக்கரி தேவைப்பட்ட இத்தொழிலுக்கு, 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டில் விறகெடுப்பது கடினமாயிற்று.

இங்கே ஒரு முரணும் உண்டு. நம் முறையைப் புகழ்ந்து எழுதிய ஹீத், 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் சேலத்துக் கனிமத்தைக் கொண்டு பெரிய இரும்பாலை தொடங்கினார். அதுவும் கரிப் பற்றாக்குறையாலும் நட்டத்தாலும் அந்நூற்றாண்டு முடியும் முன்பே மூடப்பட்டது. ஆனால் இரும்புக்கு மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு அவர் 1839இல் பெற்ற காப்புரிமை ஷெப்பீல்டு எஃகுத் தொழிலை வளர்த்தது.

தஞ்சை ஆயுதசாலை

செய்பவர் மறைந்த அதே காலத்தில் செய்தவையும் அழிந்தன. நாயக்கர்களும் மராத்தியர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஆயுதங்கள் தஞ்சை அரண்மனையில் இருந்தன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்ததும் கம்பெனி அரசு அரசுரிமையை முடித்துவைத்தது. 1860களில் ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மற்றவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இதனை அறிந்த வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி, 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வருத்தத்தோடு பதிவுசெய்தார்.

பழைய இரும்பின் விலை எடைக்கு. மூசையில் உருகிச் செஞ்சூட்டில் நீண்டு, யாளிப் பிடி ஏறிய வாளும், ஒடிந்த கலப்பைக் கொழுவும் தராசில் ஒன்றே. எந்த வாள் எந்த ஊர் எஃகு என்று சோதித்தறிய இன்று கருவிகள் உள்ளன. சோதிக்க வேண்டிய வாள்களில் பெரும்பகுதி இல்லை.

இன்று

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்களின் தொகுப்பைக் காணலாம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்பவர் 1935இல் விட்டுச்சென்ற தொகுப்பில் தஞ்சைக் கட்டாரிகளும் மோரோ வாள்களும் ஒருங்கே உள்ளன.

தொழிலின் ஒரு கிளை மட்டும் ஊர்ப்புறத்தில் வாழ்கிறது. சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிக்கிறார்கள். லாரிப் பட்டையே மூலப்பொருள். மூசை இல்லை, ஆனால் நிறம் பார்த்துச் சூடு அறிதல், கூரை நீரில் தோய்த்தல் ஆகிய கைப்பழக்கம் பழையதே. கருப்பசாமி, முனியாண்டி கோயில்களில் நேர்ந்துவிடும் அரிவாள்களும், கோவைப் பகுதியில் தேவாங்கர் சமூகத்தார் நவராத்திரி முடிவில் நடத்தும் கத்தி போடும் விழாவும், வாள் வழிபாட்டுப் பொருளாகத் தொடர்வதைக் காட்டுகின்றன.

பழைய வாளைப் பேணுதல்

கிராமக் கோயில்களிலும் பழைய குடும்பங்களிலும் வாள்கள் இன்னும் இருக்கின்றன. திருவிழாவுக்குப் பளபளப்பாக்குவதாக எண்ணி அவற்றை உப்புத்தாளால் தேய்ப்பதும், அமிலத்தில் கழுவுவதும், நிக்கல் முலாம் பூசுவதும் வழக்கமாகிவருகிறது. இதனால் மேற்பரப்பும் எழுத்துப்பொறிப்பும் வேலைப்பாடும் என்றைக்குமாக அழிகின்றன. நல்லெண்ணத்தோடு செய்தாலும் இது 1860களில் நடந்ததன் சிறு வடிவமே.

செய்யத்தக்கவை எளியவை:

உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் போன்ற தெளிந்த எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசலாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவை நாளடைவில் பிசினாகி அழுக்கைப் பிடிக்கும்.

தோலுறைக்குள் நிலையாக வைத்திருக்கக் கூடாது. தோல் ஈரத்தை ஈர்த்து வைக்கும். உறையைத் தனியே வைக்கலாம்.

வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வையின் உப்பு துருவை உண்டாக்கும். தொட்டபின் துடைக்க வேண்டும்.

அளவுகோலைப் பக்கத்தில் வைத்து இருபுறமும், பிடியையும், எழுத்து இருந்தால் அதனையும் படமெடுத்து, யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். வரலாறு தெரியாத வாளின் மதிப்பு பாதியாகக் குறைகிறது.

வயலிலோ அடித்தளம் தோண்டும்போதோ கிடைத்தால் துருவைத் தட்டி நீக்கக் கூடாது. கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைத் தெரிவிப்பது கண்டெடுத்தவர் கடமை.

உடைந்த மூசைத் துண்டும், கறுத்துக் கண்ணாடி போல் மின்னும் கசடும் கிடைத்தால் அவற்றையும் தூக்கி எறியாமல் தெரிவிக்கலாம். வாள் எங்கும் பயணம் செய்யும். மூசை செய்த இடத்திலேயே கிடக்கும். ஆதலால் உருக்கு எந்த ஊரில் விளைந்தது என்பதற்கு, உடைந்து கிடக்கும் அந்த மண்துண்டே உறுதியான சாட்சி.